ஏரியில் இறங்கும் கூட்டமும் ஐப்பசி விராலும்

ஒரே நீர்நிலையில் பலர் ஒரே நேரத்தில் இறங்கி, முன்பே பேசி வைத்த விதிப்படி மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. தனியாகத் தூண்டில் போடுகிறவனுக்கு விதி எதுவும் வேண்டாம்; ஒரு மர நிழலும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆள் கூடிவிட்டால் எப்போது இறங்குவது, எதைக் கொண்டு பிடிப்பது, பிடித்த மீனை என்ன செய்வது என்று கேள்வி வந்துவிடும். இந்தக் கேள்விகளுக்குச் சிவகங்கைச் சீமையின் கண்மாய் சொல்லும் பதிலும் அமெரிக்க ஏரி சொல்லும் பதிலும் நேர் எதிரானவை. ஒன்று சித்திரையில் நடக்கும், மற்றொன்று ஐப்பசியில். கண்மாயில் ஒரு மீனையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்க ஏரியில் ஒரு மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இரண்டிலும் விதியை வகுத்தது மனிதன்தான் என்றாலும், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது தண்ணீர்.

தமிழ்நாட்டில் இதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பேச்சில் ‘கம்மா அழிக்கிறது’. கண்மாயை உடைப்பது என்று அதற்குப் பொருளல்ல. அதில் கிடக்கும் மீனை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் திறந்துவிடுவதுதான் அழிப்பு. மதுரை மாவட்டத்தில் மேலூர், கொட்டாம்பட்டி, சிவகங்கையில் சிங்கம்புணரி, திருப்பத்தூர், புதுக்கோட்டையில் பொன்னமராவதி, திருமயம், திண்டுக்கல்லில் நத்தம் என்று இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் பல கண்மாய்களில் இது நடக்கிறது.

காலக்கணக்கு எளியது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பும். தை அறுவடை வரை தண்ணீர் வயலுக்குப் பாயும். மாசி கழிந்தால் நீர்மட்டம் மடைக்குக் கீழே போய்விடும். சித்திரை வெயிலுக்கு முழங்கால் அளவோ இடுப்பளவோதான் மிஞ்சும். அந்தக் குட்டைத் தண்ணீரில், மழைக்காலத்திலிருந்து வளர்ந்த மீன் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். விட்டுவைத்தால் கொக்கும் நாரையும் பாதியைத் தின்னும், மிச்சம் சேற்றில் செத்து நாறும். ஆகவே இங்கே பிடிக்காமல் விடுவதில் புண்ணியம் ஒன்றும் கிடையாது.

நாள் குறித்ததும் முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். இப்போது வாட்ஸ்அப் போதும். சொந்த ஊர்க்காரர்களோடு பக்கத்து ஊர்களிலிருந்தும் லோடு ஆட்டோவிலும் பைக்கிலும் விடிவதற்கு முன்பே வந்து கரையில் வரிசையாக நின்றுவிடுவார்கள். சூரியன் எழும் நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் கண்மாய்க்கரையில் இருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. துண்டு வீசியதும் கரை முழுவதும் ஒரே ஓட்டம். எண்ணி நூறு பேர் இறங்கிய சில நிமிடங்களில் தெளிந்த தண்ணீர் காப்பிக் கலரில் கலங்கிவிடும். கலங்குவதும் வசதிதான், மூச்சுக்குத் திணறும் மீன் தானாகவே மேலே வரும்.

கருவிகளில் பார்க்கத் தகுந்தது ஊத்தா. மூங்கில் குச்சிகளை வரிசையாகக் கட்டிச் செய்த கூம்பு அது. அடிப்பக்கம் அகன்றிருக்கும், மேல்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு வாய் இருக்கும். இதைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடிக்கொரு தரம் சேற்றில் அமிழும்படி குத்திக்கொண்டே போக வேண்டும். மீன் உள்ளே மாட்டினால் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. குச்சியில் ‘டக் டக்’ என்று முட்டுவது கைக்குத் தெரியும். உடனே ஊத்தாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்வாய் வழியாக மறுகையை விட்டுத் துழாவ வேண்டும். அங்கேதான் அனுபவம் வேலை செய்யும். வழவழவென்று நழுவினால் விரால். கையைச் சட்டென்று இழுக்க வைத்தால் கெளுத்தி. அதன் முள் குத்தினால் கடுப்பு இறங்க வெகுநேரம் ஆகும். ஊத்தா இல்லாதவர்களுக்குக் கச்சா, வீச்சு வலை, அதுவும் இல்லாதவர்களுக்குப் பழைய சேலை, கொசுவலை, மூங்கில் கூடை. இடுப்பில் பறி கட்டியவர்கள் குறைந்து, சாக்குப்பை கட்டியவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

பையில் விழும் மீனைப் பார்த்தால் கண்மாயின் நவீன வரலாறே தெரிந்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடஇந்திய ஆற்று மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் வளருமே தவிரப் பெருகாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாள் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதற்குப் பிறகுதான் குஞ்சு வாங்கி விட்டுக் கண்மாயில் வளர்ப்பது ஊர் ஊராகப் பரவியது. ‘ஜிலேபி’ என்று எல்லோரும் கூப்பிடும் திலாப்பியா 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதற்குக் குஞ்சு வாங்கிவிட ஆள் தேவைப்படவில்லை, தானாகவே எல்லாத் தண்ணீரிலும் பரவிவிட்டது. விரால், கெளுத்தி, குரவை, அயிரை போன்றவைதான் இந்த மண்ணின் பழைய குடிகள்.

திருவிழாவில் தராசு கிடையாது, பரிசுக் கோப்பையும் கிடையாது. பிடித்த மீனை விற்கக்கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். வீட்டுக்குப் போதுமானது போக மிச்சம் சொந்தக்காரர்களுக்கும் அண்டை வீட்டுக்கும் போகும். அன்று மதியம் அந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன்குழம்பு வாசனைதான். மீன் பிடித்தால் மழை வரும் என்ற நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, மழைக்கு முன்பு கண்மாயைக் காலி செய்வது அடுத்த முறை குஞ்சு விடுகிறவர்களுக்கு நல்லதுதான். போட்டி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐந்து கிலோ கட்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, நடந்து போகிறவனைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

நைஜீரியாவில் ஆர்குங்கு என்ற ஊரில் நடக்கும் விழாவை இந்தக் கண்மாய் அழிப்புக்கும் தராசுப் போட்டிக்கும் நடுவே வைக்கலாம். 1934இல் தொடங்கிய அதில் ஆயிரக்கணக்கானவர்கள் சுரைக்குடுக்கையும் கைவலையும் கொண்டு ஒரே சமயத்தில் ஆற்றில் பாய்வார்கள். குறித்த நேரத்துக்குள் அதிக எடையுள்ள மீனைப் பிடித்தவருக்குப் பரிசு. 2016இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்காவின் பாஸ் மீன் போட்டிக்கு இவ்வளவு வயது இல்லை. நகரத்து மீன்கடைகளில் ‘சீ பாஸ்’ என்று விற்பது நம் கொடுவா. அதற்கும் இதற்கும் உறவில்லை. ‘பெருவாய் பாஸ்’ என்று சொல்லத்தக்க இந்த மீன் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, பக்கவாட்டில் ஒரு கருங்கோடு. வாயைத் திறந்தால் தாடை கண்ணையும் தாண்டிப் போகும். பாசிக்கும் மரக்கட்டைக்கும் பின்னால் பதுங்கியிருந்து, எதிரே போவது மீனோ தவளையோ எதுவானாலும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். தூண்டிலில் மாட்டியதும் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். ருசிக்காக அல்ல, இந்தச் சண்டைக்காகத்தான் அந்நாட்டில் அதற்கு இவ்வளவு மவுசு.

1967 ஜூனில் ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் ஆர்க்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு போட்டி வைத்தார். 13 மாநிலங்களிலிருந்து 106 பேர், ஆளுக்கு 100 டாலர் கட்டிக் கலந்துகொண்டார்கள். மறுவருடம் பாஸ் மீன்பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் அவரே தொடங்கினார். 1971இல் அச்சங்கத்தின் முதல் இறுதிப்போட்டி நெவாடாவின் மீட் ஏரியில் நடந்தது. பரிசு 10,000 டாலர். ஆரம்பத்தில் பிடித்த மீனெல்லாம் செத்துத்தான் தராசுக்கு வந்தது. ஊருக்கு ஊர் போட்டி வைத்து இப்படி அள்ளினால் ஏரியில் மீன் மிஞ்சாது என்று முணுமுணுப்பு கிளம்ப, 1972இல் ‘பிடித்ததைக் கொல்லாதே’ என்ற விதியைக் கொண்டுவந்தார். படகுக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி அமைத்து, காற்று செலுத்தி, மீனை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து எடை போட்டுவிட்டுத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். விளையாட்டு நிலைக்க வேண்டுமென்றால் மீன் நிலைக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் இதில் இருந்தது. அதனால் அதன் நன்மை குறைந்துவிடவில்லை.

அணிப் போட்டியில் ஒரு படகுக்கு இருவர். அப்பனும் மகனும், அண்ணன் தம்பி, கணவன் மனைவி, ஒரே ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் என்று ஜோடிகள் அமையும். அங்கே பள்ளிகளும் கல்லூரிகளும்கூட இப்படி ஜோடி ஜோடியாகப் பிள்ளைகளை அனுப்புகின்றன. விடியலில் படகுகள் எண் வரிசைப்படி புறப்படும். படகின் முனையில் நிற்பவன் சிறிய மின்மோட்டாரைக் காலால் மிதித்துத் திருப்பிக்கொண்டே வேகமாக ஓடும் இரையை விசிறி விசிறி மீன் இருக்கும் இடத்தைத் தேடுவான். பின்னால் நிற்பவன், முன்னவன் தாண்டிப்போன இடத்தில் ரப்பர் புழுவை மெதுவாக இழுத்து, விட்டுப்போனதைப் பொறுக்குவான். முன்னவனுக்குத்தான் பெயர் கிடைக்கும். பல நாட்களில் மீன் கிடைப்பது பின்னவனுக்கு.

வழக்கமான விதி ஒரு படகுக்கு ஐந்து மீன். குறித்த நீளத்துக்குக் குறைந்தது கணக்கில் வராது. ஆறாவது பெரிதாக மாட்டினால் தொட்டியில் உள்ள ஐந்தில் சிறியதை விட்டுவிடலாம். ஆக நாளெல்லாம் நடப்பது எண்ணிக்கையைக் கூட்டும் வேலை அல்ல, சிறியதைக் கழித்துப் பெரியதைச் சேர்க்கும் வேலை. செத்த மீன் ஒன்றுக்குக் கால் பவுண்டு, அதாவது நூறு கிராமுக்குச் சற்று மேல், எடையில் கழிப்பது பரவலான வழக்கம். குறித்த நேரத்துக்குப் பின் கரைக்கு வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு கழிக்கும் போட்டிகளும் உண்டு. அங்கே ஐந்து நிமிடத் தாமதம் ஒரு நாள் உழைப்பைத் தின்றுவிடும். மாலையில் துளையிட்ட பையில் மீனைப் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி அமிழ்த்தி வரிசையில் நகர்ந்து வருவார்கள். தராசில் வைக்கும் அந்தச் சில விநாடிகள்தான் மீன் காற்றில் இருக்கும் நேரம். பிறகு ஏரிக்கு.

இந்தப் போட்டிகள் வருடம் முழுவதும் நடந்தாலும், பல வட்டாரச் சங்கங்கள் கடைசிப் போட்டியை இலையுதிர் காலத்தில் வைக்கின்றன. அக்டோபர் ஏரியின் குணமே வேறு. கோடை முழுவதும் ஆழமான ஏரியில் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும்: மேலே சூடான இலேசான நீர், அடியில் குளிர்ந்து கனத்த நீர். அடியில் உள்ளதற்குக் காற்றோடு தொடர்பில்லாததால் அங்கே உயிர்வளி தீர்ந்துபோகும். இரவுகள் குளிரத் தொடங்கியதும் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கும். ஒரு கட்டத்தில் அடுக்கு உடைந்து ஏரியே தலைகீழாகப் புரண்டு கலந்துவிடும். அந்த நாட்களில் தண்ணீர் நிறம் மாறும், அழுகிய முட்டை வாசனை வரும், மீன் எங்கே போனது என்று தெரியாது. முதல் நாள் பயிற்சியில் மீன் குவிந்த இடத்தில் மறுநாள் போட்டியில் ஒன்றுகூட இருக்காது.

கலங்கல் அடங்கியபின் வேட்டை சூடுபிடிக்கும். உல்லம் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஷாட் என்ற சிறுமீன் கூட்டம் கூட்டமாக ஏரியின் ஓடைவாய்களுக்குள் ஏறும். குளிர்காலத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பாஸ், அதன் பின்னாலேயே வரும். ஓடைவாயில் தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்குவதும் மேலே பறவைகள் வட்டமடிப்பதும் படகுக்காரர்களுக்குத் தகவல். நம் நாட்டில் குளிர்ச்சி இவ்வளவு இல்லை. ஆனால் வெயிலில் காய்ந்த குளத்தில் திடீரென்று பெருமழை கொட்டினால் இதே புரட்டல் சிறு அளவில் நடக்கும். மறுநாள் காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதப்பதைப் பார்த்து யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார்கள். பல சமயம் குற்றவாளி அடிநீர்தான்.

பணம் புகுந்த இடத்தில் திருட்டும் புகும். 2022 செப்டம்பர் 30 அன்று ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், ஈரி ஏரியில் நடந்த அணிப் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று. அது பாஸ் அல்ல, வாலை என்ற வேறு மீனுக்கான போட்டி. முன்னணியில் இருந்த இருவரின் மீன்கள் பார்வைக்கு ஒரு எடையும் தராசில் வேறு எடையுமாக இருந்தன. நடத்துநர் மீனை எல்லோர் முன்னாலும் அறுத்தார். வயிற்றிலிருந்து ஈயக் குண்டுகள் விழுந்தன. வேறு மீன்களின் சதைத் துண்டுகளும் திணிக்கப்பட்டிருந்தன. மறுவருடம் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றார்கள். படகும் பறிமுதல் ஆனது. விற்கக்கூடாது என்று கண்மாய்க்கரையில் சொல்லிவைத்த கட்டுப்பாட்டின் அருமை இந்த இடத்தில் விளங்கும்: தராசு இல்லாத இடத்தில் ஈயத்துக்கு வேலையில்லை.

மீனைத் திரும்ப விடுவது எங்கும் நல்ல செயல் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1925இல் இதே பாஸ் மீனை ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். காலப்போக்கில் நாடெங்கும் பரவி, அந்நாட்டுச் சிறுமீன்களை விழுங்கத் தொடங்கியது. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டம் பாஸை உயிரோடு எடுத்துச் செல்வதையே தடை செய்தது. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா அமைந்துள்ள ஷிகா மாகாணத்தில், பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று 2003 முதல் விதி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் உலகின் மிகப் பெரிய பாஸ் பிடிபட்டதும் அதே பிவா ஏரியில்தான்: 2009 ஜூலை 2, பத்து கிலோவுக்குச் சற்று மேல். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடிபட்ட மீனைவிட அது ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டும் சமம் என்று அறிவித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பித் தர்மபுரி மாவட்டத்துக்கு வந்தால் சொற்களே மாறிவிடும். இங்கே கண்மாய் கிடையாது, ஏரி. நிரம்பி வழிந்தால் ‘ஏரி கோடி போகுது’. இம்மாவட்டத்துக் கம்பைநல்லூர் தென்பெண்ணையை ஒட்டிய ஊர். ஆற்றில் மேலே போனால் கிருஷ்ணகிரி அணை, கீழே போனால் சாத்தனூர் அணை. இரண்டும் 1950களில் எழுந்தவை. இரண்டு இடங்களிலும் அணையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் வறுத்த மீனுக்காக வருகிறவர்கள். மாவட்டத்தின் மேற்கில் ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரி, 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே பரிசலில் இருவராகப் போய் வலை போடுவது பழைய தொழில்முறை. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வலையை இறக்குவார்; கணவனும் மனைவியுமாகப் போகும் பரிசல்களும் உண்டு. அமெரிக்கப் படகில் விளையாட்டாக இருக்கும் வேலைப் பிரிவினை இங்கே பிழைப்பு.

ஊர் ஏரிகளைப் பொறுத்தவரை மீன்பிடி உரிமை பெரும்பாலும் மீன்பாசி ஏலத்தில் போய்விடுகிறது. ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுகிறார், காவல் போடுகிறார், கோடி போகும் நாட்களில் மீன் தப்பிவிடாமல் வழிவாயில் வலை கட்டுகிறார். புதுத் தண்ணீர் வரும்போது அதை எதிர்த்து ஏறுவது மீனின் பிறவிக்குணம். வலை கட்டாத ஏலதாரர் ஒரே இரவில் முதலீட்டைத் தண்ணீரோடு விட்டவர் ஆவார். கட்லா, ரோகு முழுக்க அவருடைய சொத்து. ஆனால் அவர் விடாமலே ஏரியில் இருக்கும் மீன் ஒன்று உண்டு. அதுதான் விரால்.

பாஸுக்கு நம் ஊரில் ஈடு சொல்ல வேண்டுமென்றால் விராலைத்தான் சொல்ல வேண்டும். இனத்தால் சொந்தமில்லை, தொழிலால் ஒன்று. இதுவும் கோரைக்கும் தாமரை இலைக்கும் அடியில் பதுங்கி, தவளையும் சிறுமீனும் அருகே வந்ததும் பாயும். கூடுதலாக ஒரு திறமையும் உண்டு: செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் அறை இருப்பதால் தண்ணீர் கெட்டாலும் சாகாது. ஏரி வற்றினால் ஈரச்சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். இரவில் ஈரத்தரையில் நெளிந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விடும். சந்தையில் உயிரோடு துள்ளத் துள்ள விற்கும் நாட்டுமீன் இது, விலையும் அதற்கேற்றபடி. தெலங்கானா இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறது.

விராலுக்குப் பழைய முறை, நீளமான மூங்கில் கழியில் நைலான் நரம்பு கட்டி, முள்ளில் குட்டித் தவளையைக் கோத்து நீர்ப்பரப்பில் தத்த விடுவது. இப்போது இளைஞர்கள் கையில் ராடும் ரீலும் வந்துவிட்டன. முனையில் தொங்குவது ரப்பர் தவளை. அமெரிக்காவில் பாஸுக்கென்று பழக்கத்துக்கு வந்த அதே பொருள்தான். உள்ளே கூடு, முதுகோடு ஒட்டியபடி இரண்டு முள், அதனால் இலையிலும் கொடியிலும் மாட்டாது. தாமரை இலைமேல் விழச் செய்து, சற்று நிறுத்தி, ‘டப் டப்’ என்று இழுத்து வர வேண்டும். இலைக்கடியிலிருந்து நீர் வெடிப்பதுபோல் விரால் எழும். அந்த அதிர்ச்சியில் உடனே சுண்டி இழுத்தவனுக்கு வெறும் தவளைதான் திரும்பி வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பு கனத்த பின் இழுத்தவனுக்கு மீன்.

கருவி ஒன்று, மீனின் குணமும் ஒன்று என்றாலும் பருவம் மட்டும் ஒத்துப்போவதில்லை. பாஸ் வசந்தத்தில் முட்டையிடும். ஆண் மீன் குழி பறித்து அதைக் காவல் காக்கும். அக்டோபர் வருவதற்குள் குஞ்சுகள் தனியே பிழைக்கப் பழகியிருக்கும். ஆகவே இலையுதிர் காலப் போட்டி அந்த மீனின் குடும்பத்தைக் கலைப்பதில்லை. நம் விராலுக்கு மழைதான் வசந்தம். ஐப்பசி, கார்த்திகையில் புதுநீர் ஏறிய ஏரியோரத்தில் செடிகளை விலக்கி ஒரு சிறு வட்டம் செய்து முட்டையிடும். முட்டை மஞ்சள் மணிகளாக மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்து, சில நாளில் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாக நீர்மட்டத்தில் சுழன்றுகொண்டே நகரும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டியதுபோல இருக்கும். அதற்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் தாயும் தகப்பனும் காவலாகச் சுற்றி வரும். ஏறத்தாழ ஒரு மாதம் இந்தக் காவல்.

அந்த ஒரு மாதத்தில் விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். பசியால் அல்ல, ஆத்திரத்தால் கடிக்கும். சிவப்புக் கூட்டத்தின் நடுவே ரப்பர் தவளையைப் போட்டால் குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்து அடுத்த நொடியே தாக்கும். அதனாலேயே குஞ்சுக் கூட்டத்தைத் தேடித் தேடித் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியது கரைக்கு வந்ததும், காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் சூழ்ந்துகொள்ளும். கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை உண்டு; ஏரியோர விராலுக்காக அப்படி யாரும் நாள் குறித்துக் காவல் நிற்பதில்லை.

கம்பைநல்லூர்ப் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடப் போகிறவர்கள் மீன்பாசி யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கோரை ஓரமாகச் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுங்கள்.